கடைசிக்கு முந்தைய இடம்

எகிப்தின் இஸ்மாயிலியா நகரத் தொலைபேசி நிலையத்தின் புகார்ப் பிரிவில், தண்ணீர்க் குடுவைக்கும் விடுப்புப் பதிவேட்டுக்கும் இடைப்பட்ட சுவரில், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரு தாள் மாறும். ஆவணக் காப்பாளர் ரிஃபாத் அதைத் தட்டச்சு செய்து, நான்கு மூலைகளிலும் பசை தடவி ஒட்டுவார். தாளில் பன்னிரண்டு பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே புள்ளிகள் இருக்கும். நவம்பர் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று பன்னிரண்டாவதாக இருந்த பெயர், அந்தப் பிரிவின் தலைவியான இன்ஷிராஹ் அவர்களுடையது. அதற்கு முந்தைய செவ்வாயிலும் அப்படித்தான் இருந்தது. அதற்கும் முந்தைய ஆறு செவ்வாய்களிலும் அப்படித்தான்.

இங்கிலாந்தில் நடக்கும் கால்பந்துப் போட்டிகளை வைத்து இங்கே ஆடப்படும் கனவு அணி ஆட்டம் அது. ஆகஸ்டு மாதத்தில் ஆளுக்குப் பதினைந்து வீரர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பதினொருவர் களத்தில் நிற்பர், நால்வர் மாற்று வரிசையில் காத்திருப்பர். அவர்கள் அங்கே ஓடுவதற்கும் கோல் போடுவதற்கும் இங்கே கைபேசியில் புள்ளிகள் விழும். கேப்டனாகக் குறிக்கப்பட்டவனுக்கு இரட்டிப்பு. வாரத்துக்கு ஒரு வீரரைத் தண்டமின்றி மாற்றலாம். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு புள்ளிகள் பறிபோகும். மே மாதம் வரை முப்பத்தெட்டு வாரங்கள் இப்படியே செல்லும்.

பாதியில் மனம் வெறுத்து அணியைத் திறந்தே பாராமல் விட்டுவிடுகிறவர்களை அலுவலகத்தார் 'மையத்து', அதாவது பிணம், என்பார்கள். ரிஃபாத் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை கறுப்பு நாடாவை ஒட்டிவிடுவார். பருவம் முடிந்ததும் மையத்துகள் அனைவரும் நீக்கப்படுவர். உயிரோடிருப்பவர்களில் கடைசியாக நிற்பவரும் நீக்கப்படுவார், அவருக்கும் நாடா உண்டு. மேல்மாடிகளில் பதினான்கு பேர் அந்த இடங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

“மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?” என்று கேட்டான் ஷவ்கி. வலையமைப்புப் பொறியாளனான அவனுக்கு முப்பத்தைந்து வயது. பட்டியலில் மூன்றாம் இடம். ஆகையால் சுவரின் முன்னே நின்று தேநீர் அருந்துவதில் தனி விருப்பம்.

“கேட்டப்புறம்தான் கோவம் வருமா வராதான்னு தெரியும். சொல்லுங்க, பாஷ்முஹந்திஸ்.” ஷவ்கியின் பெயரை விளிக்காமல், பொறியாளர்களுக்குரிய அந்தப் பட்டத்தாலேயே அவனை அழைப்பது அவர் வழக்கம்.

“பதினோராவது இடத்துல பாருங்க, கிடங்கு ஆபீஸ் ஃபத்ஹி. அவன் அணியத் திறந்து ஒரு மாசம் ஆச்சு. நாடா ஒட்டியாச்சு, தலைமாட்டுல நின்னு துஆவும் ஓதியாச்சு. அந்த மையத்துகூட உங்களைவிட வேகமா ஓடுதே மேடம்!”

அறையே சிரித்தது. இணையப் புகார்களைக் கேட்கும் நிவீன் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டாள். இன்ஷிராஹ் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. தம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளின் கடைசி வரியை ஒருமுறை படித்தார்.

“ஃபத்ஹிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க. இன்னும் இருபத்தேழு வாரம் இருக்கு. என் பேருக்குப் பக்கத்துல நாடா விழாது. இதை எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? சரி, அவங்கவங்க மேசைக்குப் போங்க. அஞ்சாவது லைன்ல மணி அடிச்சிட்டே இருக்கு.”

சொல்லிவிட்டார். சொன்னதைத் திரும்பப் பெறும் பழக்கம் அவருக்கு இருபத்தொன்பது ஆண்டுப் பணிக்காலத்தில் இருந்ததில்லை.

*

அவர் இந்த ஆட்டத்துக்குள் வந்ததே ஒரு தாளினால்தான். ஆகஸ்டு மாதத்தில் ரிஃபாத் அந்த ஆண்டுக்கான விதிகளைச் சுவரில் ஒட்டியிருந்தார். அனுமதியின்றித் தம் சுவரில் என்ன ஏறியிருக்கிறது என்று பார்க்கச் சென்ற இன்ஷிராஹ், முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே வந்து, பாதிக்கு மேல் நின்றுவிட்டார்.

“உஸ்தாஸ் ரிஃபாத், ஒன்பதுக்கு அப்புறம் பதினொண்ணுன்னு இருக்கே. பத்தாவது விதி எங்கே?”

“அது தேவைப்படல மேடம். ஆறு வருஷத்துல ஒரு தடவகூட அந்த நிலைமை வரல. அதான் எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டு எண்ணை மட்டும் அப்படியே விட்டுட்டீங்க. இடைல எண் விடுபட்ட தாள் என் சுவர்ல இருக்கக் கூடாது. ஒண்ணு, எண்களைச் சரிபண்ணுங்க. இல்லன்னா விதியைத் திரும்பப் போடுங்க.”

பழைய ஆண்டின் தாளைப் பார்த்து ரிஃபாத் பத்தாவதைத் தட்டச்சு செய்து சேர்த்தார். பதினொரு விதிகளையும் முழுமையாகப் படித்தவர் அந்த மாடியிலேயே இன்ஷிராஹ் ஒருவர்தான். அதைக் கண்ட ஷவ்கிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“விதி படிக்கிறவங்க ஆட மாட்டாங்க மேடம். ஆடினாலும் ரமலானுக்கு முன்னாடி காணாமப் போயிருவாங்க.”

அன்று பிற்பகலே அவர் பெயர் கொடுத்தார். அணிக்கு 'ஏழு மணி ஷிஃப்ட்' என்று பெயரிட்டார். மற்றவர்களின் அணிகள் சிங்கம், புயல், எரிமலை என்று இருந்தமையால், ரிஃபாத் இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பின்னரே எழுதினார்.

வீரர்களைத் தேர்ந்தெடுக்க அவருக்கு மூன்று மாலைகள் பிடித்தன. கம்பம் ஏறும் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்ப்பாரோ, அதையே பார்த்தார்: சென்ற ஆண்டு எத்தனை நாள் வேலைக்கு வந்திருக்கிறான்? ஆரவாரமான பெயர்களுக்குப் பின்னால் அவர் போகவில்லை. விட்லாக் என்ற தடுப்பாட்டக்காரன் ஒருவனை அவர் சேர்த்தபோது நிவீனே திகைத்தாள். பட்டியலின் அடிமட்டத்தில் உழலும் குழு ஒன்றில் ஆடுகிறவன், விலை மிகக் குறைந்தவன், முன்தலை வழுக்கை. ஆனால் இரண்டு ஆண்டுகளாக ஒரே ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாதவன்.

முறையாகக் கட்டப்பட்ட அந்த அணி, முறையாகவே சரிந்தது. முதல் வாரத்தில் கோல்காப்பாளன் ஐந்து கோல்களை விட்டான். இரண்டாம் வாரத்தில் ஒருவனுக்கு முழங்கால்; மூன்றாம் வாரத்தில் இன்னொருவனுக்குத் தொடைநார். கேப்டன் பெனால்டியைக் கம்பத்தில் அடித்தான்; அடுத்த வாரம் மறுபடியும் வாய்ப்புக் கிடைத்தபோது மறுபுறக் கம்பத்தில் அடித்தான்.

மற்றவர்கள் சட்டை மாற்றுவதுபோல் வீரர்களை மாற்றினார்கள். இன்ஷிராஹ் பச்சை அட்டையிட்ட குறிப்பேடு ஒன்றை வைத்திருந்தார். எந்த மாற்றத்தையும் காரணம் எழுதாமல் அவர் செய்ததில்லை. 'காயம்' என்பது காரணம். 'இடைநீக்கம்' என்பது காரணம். 'ஒரு வாரம் சோபிக்கவில்லை' என்பதை அவர் காரணமாக ஏற்கவில்லை. மணற்காற்று வீசும் நாளிலும் ஏணியைத் தோளில் சுமந்து வருகிறவனை, ஒரு நாள் கம்பியை மாற்றிப் பூட்டிவிட்டான் என்பதற்காக அவர் வீட்டுக்கு அனுப்பியதில்லை. அதே நீதி இங்கும் என்றிருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அணியை மாற்றுவதற்கான கெடு முடிவதற்கு அரை மணி நேரம் முன்னரே அணியைத் திறந்து, காயப்பட்டவர் எவர், ஓய்விலிருப்பவர் எவர் என்று பார்த்து, கேப்டனைக் குறித்து, மாற்று வரிசையில் நால்வரையும் முதலாமவன், இரண்டாமவன் என ஒழுங்குபடுத்தி, அதன் பின்னரே அடுப்படிக்குச் செல்வார்.

அவர் கணவர் மம்தூஹ் இதையெல்லாம் வியப்போடு பார்ப்பார். கால்வாயின் இழுவைக் கப்பல்களில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். அவ்வூரின் மஞ்சள் சட்டை அணியைத் தவிர உலகில் வேறு அணியே இல்லை என்று நம்புகிறவர். அந்த அணியும் சில ஆண்டுகளாக அடித்தட்டில்தான் தத்தளித்தது. முந்தைய பருவத்தில் அது கீழ்ப்பிரிவுக்கு விழாமல் மயிரிழையில் தப்பிய அன்று, அவர் பால்கனிக்கு ஓடி, தெருவே அதிரும்படி “தங்கிட்டோம்! தங்கிட்டோம்!” என்று கத்தினார். எதிர்வீட்டாரும் மாடியிலிருந்து அதையே திருப்பிக் கத்தினார்கள்.

“கோப்பை ஜெயிச்சவங்க கத்துவாங்க, ஹாஜி. கீழேயிருந்து எண்ணினா சீக்கிரம் வர்ற இடத்துக்கு யாராவது கத்துவாங்களா? உள்ள வாங்க,” என்று அன்று அவரைக் கடிந்துகொண்டவர் இன்ஷிராஹ்தான்.

இப்போது மம்தூஹ் அதை விடவில்லை. மகன் பெயரைச் சேர்த்து, 'ஹாஸிமின் தாய்' என்னும் பொருளில்தான் மனைவியை அழைப்பார். “என்ன, உம்மு ஹாஸிம், இன்னைக்கும் பன்னெண்டா?”

“பன்னெண்டுதான்.”

“எங்க அணியாவது நிஜமா ஓடித் தோக்குது. உன் அணி எங்க ஓடுது? போன்ல. அதுக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு கண்ணாடி.”

“நீங்க அம்பது வருஷமா ஒரு அணியை விடாம இருக்கீங்கல்ல? நான் அம்பது வாரம்கூடக் கேக்கல. முப்பத்தெட்டுதான்.”

மம்தூஹ் சூரியகாந்தி விதையை உரிப்பதில் மும்முரமாகிவிட்டார்.

*

குளிர்காலத்தில் மேலும் மூன்று அணிகள் இறந்தன. சுவரில் நாடாக்கள் நான்காயின. ஏழு மணி ஷிஃப்ட் தன் காயங்களிலிருந்து ஒவ்வொருவராக மீண்டது. ஒரு வாரம் அறுபத்தொரு புள்ளிகள் வந்தன. அடுத்த வாரம் இருபத்தெட்டு. இன்ஷிராஹ் இரண்டையும் ஒரே மையில் எழுதினார். பிப்ரவரி மாதத்தில் ஃபத்ஹியின் மையத்தைத் தாண்டினார். மார்ச் தொடக்கத்தில் மீதமிருந்த மூன்று மையத்துகளையும் தாண்டினார். இப்போது உயிரோடிருந்த எண்மரில் அவர் எட்டாவது. ஏழாவதாக யாரேனும் கீழே இறங்கி வந்தாலன்றி அவருக்கு விமோசனம் இல்லை என்ற நிலையில், மேலிருந்து ஒருவன் இறங்கி வந்தான்.

அவன் ஷவ்கி. புத்தாண்டுக்குப் பிறகு முதலிடத்தின்மீது அவனுக்கு ஆசை பிறந்தது. சென்ற வாரம் கோல் போட்டவனையெல்லாம் இந்த வாரம் வாங்கினான்; வாங்கிய வாரம் அவன் போடவில்லை; போடாதவனை விற்ற மறுவாரம் அவன் இரண்டு போட்டான். வாரந்தோறும் நான்கு, எட்டு என்று புள்ளிகளைத் தண்டமாகக் கொடுத்துக் கொடுத்து, மூன்றிலிருந்து ஐந்துக்கும், ஐந்திலிருந்து ஏழுக்கும் வந்து நின்றான். ரமலான் மாதத்தின் கடைசி சனிக்கிழமையன்று அவனுக்கும் இன்ஷிராஹுக்கும் இடையே இருந்தவை இருபத்தொரு புள்ளிகள்.

அந்தச் சனிக்கிழமை காலை அவர் சமையலறை மேசையில் முலூஹிய்யா கீரையைக் காம்பிலிருந்து ஆய்ந்துகொண்டிருந்தார். கைபேசி எதிரே திறந்திருந்தது. கெடுவைக் குறிக்கும் வரியில் கண் பட்டதும் அவர் கை நின்றது. பகல் பன்னிரண்டு என்று இருந்தது.

குளிர்காலம் முழுவதும் கெடு பகல் ஒரு மணி. ஆனால் சென்ற ஞாயிறன்று இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். எகிப்தில் அதைச் செய்வது ஏப்ரல் கடைசி வெள்ளியன்று. இடைப்பட்ட வாரங்களில் கெடு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும். ரிஃபாத்தின் வாட்ஸாப் குழுவைத் திறந்தார். முதல் நாள் மாலையில் பேச்சு நடந்திருந்தது: ஷவ்கியின் கேப்டனான நார்வேக்காரனுக்குப் பயிற்சியில் கணுக்கால் பிசகிவிட்டது. “நாளைக்கு ஒரு மணிக்குள்ள மாத்திக்கிறேன், இன்ஷா அல்லாஹ்,” என்று ஷவ்கி எழுதியிருந்தான். ‘நானும் பன்னெண்டரைக்குத்தான் எழுவேன்’ என்று மற்றவர்கள். அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. நோன்புக்கு முந்தைய ஸஹர் உணவை முடித்து, விடியலில் படுத்து, ஊரே உறங்கிக்கொண்டிருந்தது.

சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபத்தைந்து காட்டியது.

“என்னாச்சு? கீரைல பூச்சியா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார் மம்தூஹ். இன்ஷிராஹ் விஷயத்தைச் சொன்னார்.

மம்தூஹ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அப்போ அந்த வாயாடிக்குக் கேப்டன் இல்லாம இந்த வாரம் முட்டை. ஒரே நாள்ல நீ அவனைப் பிடிச்சிருவ. இது அல்லாஹ் அனுப்புனது, உம்மு ஹாஸிம். பேசாம கீரைய ஆய்.”

“அல்லாஹ் அனுப்பல. லண்டன்ல கடிகாரத்தத் திருப்பினாங்க.”

“உன் மேல ஏதாவது தப்பு இருக்கா? அவன்தான பாக்கணும்?”

“தப்பு இல்ல.”

“அப்புறம் என்ன?”

இன்ஷிராஹ் கைகளைத் துடைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை ரிஃபாத் புதிய தாளை ஒட்டும்போது தாம் ஏழாவதாக இருப்பதையும், அதன் முன்னே தாம் நிற்பதையும் எண்ணிப் பார்த்தார். 'எப்படி மேடம்?' என்று நிவீன் கேட்பாள். 'எல்லாரும் தூங்கினாங்க' என்று சொல்ல வேண்டியிருக்கும். நவம்பரில் அறை முழுவதும் கேட்கச் சொன்ன சொல்லுக்கு இது போதாது என்று அவருக்குத் தோன்றியது.

குழுவில் முதலில் எழுதினார்: 'இன்றைய கெடு பன்னிரண்டு மணி, ஒரு மணி அன்று.' ஒருவரும் பார்க்கவில்லை. பின்னர், முதலிடத்தில் இருந்த ரிஃபாத்தில் தொடங்கி, பட்டியலின் வரிசையிலேயே ஒவ்வொருவராக அழைத்தார். ரிஃபாத் நான்காம் மணியொலியில் எடுத்தார். நிவீன் கொட்டாவியோடு நன்றி சொன்னாள். கடைசியாக ஷவ்கிக்கு வந்தபோது மணி பதினொன்று நாற்பத்தாறு. கைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

“பாத்தியா, இதுக்கு மேல என்ன பண்ணுவ? விட்டுரு,” என்றார் மம்தூஹ்.

மற்றவர்கள் வேண்டுமானால் விட்டிருப்பார்கள். தொலைபேசி நிலையத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் இருந்தவருக்கு, அந்த நிலையத்தார் வீடுகளில் தூசி படிந்து கிடக்கும் பழைய இணைப்புகளின் எண்கள் மனப்பாடம். எழுந்து, கூடத்திலிருந்த தொலைபேசியில் ஏழு எண்களைச் சுழற்றினார். மணி பதினைந்து முறை அடித்த பிறகு ஷவ்கியின் மனைவி எடுத்தாள், பிறகு காலடி, பிறகு ஒரு கரகரத்த குரல்.

“மேடம்? என்னாச்சு? எந்தப் பகுதில லைன் போச்சு?”

“லைன் எல்லாம் நல்லா இருக்கு, பாஷ்முஹந்திஸ். உங்க அணிதான் போகப் போகுது. கெடு பன்னெண்டு மணிக்கு. ஒம்பது நிமிஷம் இருக்கு. கேப்டனை மாத்துங்க.”

“பன்னெண்டா? ஐயோ... லண்டன் கடிகாரம்!” ஏதோ விழும் ஓசை கேட்டது. “மேடம், நீங்க... எனக்கு எதுக்கு...”

“எட்டு நிமிஷம்,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

ஷவ்கி மாற்றிக் குறித்த கேப்டன் அன்று இரண்டு கோல்கள் போட்டான், இருபத்தாறு புள்ளிகள். இன்ஷிராஹின் கேப்டன் நாற்பதாம் நிமிடத்தில் நொண்டிக்கொண்டு வெளியேறினான். இருபத்தொன்றாக இருந்த இடைவெளி முப்பத்துநான்காயிற்று. நோன்பு திறக்கும் வேளையில் மம்தூஹ் பேரீச்சம்பழத் தட்டை மனைவியின் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

*

முப்பத்துநான்கு புள்ளிகளை ஒரே நாளில் மீட்க முடியாது. வாரத்துக்கு நான்கும் ஐந்துமாக மீட்க முடிந்தது. ஷவ்கி எட்டாம் இடத்தின் அச்சத்தில் முன்னைவிட அதிகமாக வீரர்களை மாற்றினான். இன்ஷிராஹ் முன்னைப்போலவே, காரணம் இருந்தால் மாற்றினார், இல்லையேல் மாற்றவில்லை. முப்பத்தேழாம் வாரம் முடிந்தபோது அவனுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு. அவருக்கு ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று.

கடைசி வாரத்தின் ஆட்டங்கள் அனைத்தும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஒரே நேரத்தில் தொடங்கின. ஷவ்கிக்கு அன்று மாலைப் பணி என்பதால் எல்லோரும் புகார்ப் பிரிவிலேயே கூடினார்கள். தம் வெற்றிக்கென்று ரிஃபாத் ஒரு தட்டு பஸ்பூஸா என்னும் ரவை இனிப்புக் கொண்டுவந்திருந்தார். கெடு முடிவதற்கு முன், நிவீன் இன்ஷிராஹின் மேசைக்கு வந்து குனிந்தாள்.

“மேடம், மாற்று வரிசைல விட்லாக்கை ஏன் முதல்ல வச்சிருக்கீங்க? அவன் குழு கீழ்ப்பிரிவுக்கு இறங்கியாச்சு. இன்னைக்கு நாலஞ்சு வாங்கப் போறாங்க. அந்த நெட்டை ஃபார்வர்டை முதல்ல வைங்க.”

“அவன் நினைச்சா வருவான், நினைச்சா வர மாட்டான். விட்லாக் முப்பத்தேழு வாரத்துல ஒரு நிமிஷம் வெளிய உக்காந்ததில்ல. இறங்கிப்போன குழுவுக்குன்னாலும் இன்னைக்கும் வருவான். இருக்கட்டும்.”

ஷவ்கி தன் மேசையிலிருந்து குரல் கொடுத்தான்: “நான் கடைசியா ஒரு மாத்து மாத்திட்டேன் மேடம். நாலு புள்ளி தண்டம். பரவால்ல, இன்னைக்கு அள்ளிருவேன்!”

ஆட்டங்கள் தொடங்கியதுமே ஒரு செய்தி வந்தது: இன்ஷிராஹின் பிரேசில் நாட்டு நடுக்கள வீரன் காய்ச்சலால் வரவேயில்லை. பதினொருவரில் ஒருவன் குறைந்தான். அறையில் ஓர் 'அடடா' எழுந்து அடங்கியது. பெரிய குழுக்களின் ஆட்டம் சுவர்த் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்க, எல்லோரும் அதைப் பார்த்துக் கத்தினார்கள். இன்ஷிராஹ் தம் கைபேசியில் ஒருவரும் சீண்டாத ஆட்டம் ஒன்றை வைத்திருந்தார். நான்கு கோல்கள் வாங்கித் தோற்றுக்கொண்டிருந்த குழுவுக்கு எழுபத்தோராம் நிமிடத்தில் ஒரு மூலை உதை கிடைத்தது. வழுக்கைத் தலை ஒன்று கூட்டத்துக்கு மேலே எழுந்தது. பந்து வலையில் இருந்தது. அவன் கொண்டாடவில்லை; பந்தை எடுத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, நடுவட்டத்துக்கு ஓடினான். அவர் மெல்லத் தலையசைத்தார்.

எட்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. ரிஃபாத் கூட்டிப் பார்த்தார். ஷவ்கிக்கு நாற்பத்துநான்கு, தண்டம் போக நாற்பது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துநான்கு. இன்ஷிராஹுக்கு நாற்பத்தைந்து: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று ஷவ்கி நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினான். “மேடம், சத்தியமாச் சொல்றேன், நீங்கதான் இந்த வருஷத்தோட பாஷா. ஆறே ஆறு புள்ளி! யாராச்சும் பஸ்பூஸாவ வெட்டுங்கப்பா.”

ரிஃபாத் தயங்கித் தயங்கி இழுப்பறையைத் திறந்து நாடாச் சுருளை எடுத்தார்.

“பொறுங்க, உஸ்தாஸ் ரிஃபாத்,” என்றார் இன்ஷிராஹ். “ஆட்டம் முடிஞ்சிருக்கு, வாரம் முடியல. என் ஆள் ஒருத்தன் வரல. வராதவனுக்குப் பதிலா மாற்று வரிசையோட முதல் ஆள் உள்ள வருவான். விட்லாக். ஆடினதுக்கு ரெண்டு. தடுப்பாட்டக்காரன் போட்ட கோல், அதுக்கு ஆறு. குழு நாலு வாங்கினதுக்குக் கழிவு ரெண்டு. ஆறு வருது.”

பஸ்பூஸாமீது இருந்த கத்தி அப்படியே நின்றது. நிவீன் விரல்விட்டு எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள்.

“ரெண்டு பேரும் ஒண்ணு!” என்று கூவினாள். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்துநாலு! நான் சொன்ன நெட்டையன் இன்னைக்கு இறங்கவே இல்ல மேடம்!”

கைபேசியில் அது ஏறும்வரை எவரும் நம்பத் தயாராயில்லை. நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். ஏறியது.

“அப்போ என்ன?” என்றான் ஷவ்கி. “ரெண்டு பேரும் தங்குறோம், அவ்வளவுதான?”

“அதெப்படி? ஒரு ஆள் போகணுமே. மேல பதினாலு பேர் நிக்கிறாங்க,” என்றார் ரிஃபாத். “ஆறு வருஷத்துல இப்படி வந்ததே இல்ல...” சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டு இன்ஷிராஹைப் பார்த்தார். பிறகு எழுந்து சுவரருகே சென்றார். ஆகஸ்டிலிருந்து வெயில் பட்டு மஞ்சளடித்துப்போன விதித்தாளில் விரலை வைத்து, ஒன்பதைத் தாண்டி, பதினொன்றுக்கு மேலே நிறுத்தி, உரக்கப் படித்தார்:

“'பத்து. இருவரின் புள்ளிகள் சமமாயின், பருவம் முழுவதிலும் குறைந்த எண்ணிக்கையில் வீரர்களை மாற்றியவரே மேலிடம் பெறுவார்.'”

ஷவ்கி தன் கைபேசியைப் பார்த்தான். திரையைத் திருப்பிக் காட்டினான். ஐம்பத்தெட்டு. இன்ஷிராஹ் பச்சைக் குறிப்பேட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தை மேசைமீது வைத்தார். பத்தொன்பது மாற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் நாள், பெயர், காரணம்.

முதலில் சிரித்தவன் ஷவ்கிதான். அந்தப் பெருமையை அவனுக்குக் கொடுத்தே தீர வேண்டும். “ஏப்ரல்ல நீங்க என்னை எழுப்பாம விட்டிருக்கலாம் மேடம். அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும். உங்களுக்கும் இவ்வளவு அலைச்சல் இல்ல.”

“முடிஞ்சிருக்கும். தூங்கிட்டிருந்த மனுஷனை ஜெயிச்சேன்னு நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?”

அவன் தலையைச் சொறிந்தான். ரிஃபாத்தின் கையிலிருந்து நாடாவைத் தானே வாங்கி, ஒரு விரற்கடை வெட்டி, தன் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டினான். “காத்திருக்கிற பட்டியல்ல பதினஞ்சாவதா என் பேரையும் போட்டுருங்க, உஸ்தாஸ். அடுத்த தடவ விதியப் படிச்சிட்டு வர்றேன்.”

“நாடா கோணலா இருக்கு, பாஷ்முஹந்திஸ்,” என்றார் இன்ஷிராஹ்.

அவன் அதை உரித்து நேராக ஒட்டினான். அதன் பிறகே அவர் பஸ்பூஸாவில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

*

வீட்டில் மம்தூஹ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றார். “என்ன ஆச்சு?”

“ஏழாவது.”

“எத்தனை பேர்ல?”

“உயிரோட இருக்கிற எட்டுப் பேர்ல.” கைப்பையை அதற்குரிய ஆணியில் மாட்டினார். “புள்ளி ரெண்டு பேருக்கும் ஒண்ணு. ஆளை மாத்தாம வச்சிருந்ததால எனக்கு மேலிடம். அந்த வழுக்கைத் தலை விட்லாக் ஒரு கோல் போட்டான், ஹாஜி. நாலு வாங்கின அப்புறமும் பந்தை எடுத்துட்டு நடுவுக்கு ஓடினான்.”

மம்தூஹ் அவரைக் கூர்ந்து பார்த்தார். ஐம்பது ஆண்டுகள் மஞ்சள் சட்டையோடு வாழ்ந்தவருக்கு அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் பால்கனிக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, மார்பு விரிய மூச்சு இழுத்தார்.

“தங்கிட்டோம்! தங்கிட்டோம்!”

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. “யாரு, ஹாஜி? இன்னைக்கு நம்ம அணிக்கு ஆட்டமே இல்லையே!”

“என் வீட்டுக்காரி அணி! கீழ போவாம தங்கிருச்சு!”

எதிர்வீட்டார் ஒரு கணம் யோசித்தார், பிறகு, தங்கியவர் எவராயினும் தங்கியவரே என்று கருதினார்போலும், அவரும் “தங்கிட்டோம்!” என்று கத்தினார். மேல்மாடியில் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது.

இன்ஷிராஹ் பால்கனி வாயிலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைப்பதுபோல் தலைத்துணியின் ஓரத்தால் இரண்டு ஆடிகளையும் நிதானமாகத் துடைத்து, மீண்டும் மாட்டிக்கொண்டார்.

“ஏழாவது இடம்னு சேத்துச் சொல்லுங்க, ஹாஜி,” என்றார். “விவரம் சரியா இருக்கணும்.”